ஒரே நல்லெண்ணெய், காலையில் ஓர் அளவு, மதியம் ஓர் அளவு: ஒளியிழை உணரியில் என்ன கோளாறு?

காரைக்குடி மாணவன்:
வணக்கம். இறுதியாண்டுச் செயல்திட்டமாக எண்ணெய்க் கலப்படத்தைப் பார்க்கும் உணரி செய்திருக்கிறேன். 1 மி.மீ. பிளாஸ்டிக் ஒளியிழை, நடுவில் மேலுறையைச் சுரண்டிவிட்டு, குதிரை லாடம்போல் வளைத்து எண்ணெயில் முக்குகிறேன். ஒரு முனையில் சிவப்பு எல்.இ.டி., மறுமுனையில் வரும் ஒளியை அளக்க போட்டோடையோடு, அந்த அளவை எண்ணாகக் காட்ட அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை. ஆச்சி செக்கில் ஆட்டி வாங்கிய நல்லெண்ணெய் காலை 7 மணிக்கு 412 காட்டுகிறது. அதே கிண்ணம், மதியம் 447. மூன்று நாளாக இதே கதை. எல்.இ.டி.யை மாற்றியும் பயனில்லை.

செக்காலை அண்ணன்:
ஒவ்வொரு முறையும் இழையைக் கழுவுகிறீர்களா? எண்ணெய்ப் படலம் லேசில் போகாது. சோப்பு நீர் போதும். அசிட்டோன் மட்டும் வேண்டாம், இழையையே அரித்துவிடும்.

காரைக்குடி மாணவன்:
சோப்பு நீரில்தான் கழுவுகிறேன், அண்ணா.

ஆய்வகத்து அக்கா:
தம்பி, எண்ணெயில் முக்காமல் காற்றில் வைத்து எடுத்த அளவு என்ன? சோதனையை எங்கே வைத்துச் செய்கிறீர்கள்?

காரைக்குடி மாணவன்:
காற்றில் காலை 812, மதியம் 806. வளவில், முற்றத்தை ஒட்டிய திண்ணையில். எண்ணெயின் வெப்பம் காலையில் 27 டிகிரி, மதியம் 36.

ஆய்வகத்து அக்கா:
அப்படியானால் எல்.இ.டி.யைத் திட்டாதீர்கள். சூடு ஏறினால் அதன் ஒளி குறையும். காற்றில் 6 குறைந்தது அதனால்தான் இருக்கும். எண்ணெயிலோ அளவு ஏறுகிறது. இழையின் உள்ளகத்துக்கு ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்) சுமார் 1.49. வெளியே இருக்கும் எண்ணெயின் எண் அதை நெருங்க நெருங்க ஒளி கசியும். எண்ணெய் சூடானால் அதன் எண் டிகிரிக்கு ஏறக்குறைய 0.0004 இறங்கும், கசிவும் குறையும். உங்கள் 9 டிகிரிக்கு 0.0035 வரை போகிறது. 40 டிகிரியில் நல்லெண்ணெய்க்கு வகுத்த தர வரம்பே 1.4646 முதல் 1.4665 வரைதான்; அந்த இடைவெளியைவிட வெப்பத்தால் வரும் மாற்றமே பெரிது! கலப்படம் பிடிக்கப் போய் நல்ல வெப்பமானி ஒன்றைச் செய்துவிட்டீர்கள். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி, 40 டிகிரியில் நிறுத்தி அளந்து பாருங்கள்.

ஊருணிக்கரை:
குறுக்கே ஒரு கேள்வி. இதே இழையால் ஊருணித் தண்ணீரில் கிருமி தெரியுமா?

ஆய்வகத்து அக்கா:
வெறும் இழையால் தெரியாது. அந்தக் கிருமியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை இழையின்மேல் ஒட்ட வேண்டும். ஒளி வெளியே எட்டிப் பார்ப்பது சில நூறு நானோமீட்டர் மட்டுமே. ஒட்டாமல் மிதப்பது அதன் கண்ணில் படாது.

காரைக்குடி மாணவன்:
அக்கா, 40 டிகிரியில் காலை 461, மதியம் 463! மிக்க நன்றி. இனிக் கலப்படத்தை உறுதியாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

ஆய்வகத்து அக்கா:
அவசரம் வேண்டாம். கடலை எண்ணெயின் வரம்பு 1.4620 முதல் 1.4640 வரை. தேங்காய் எண்ணெய் அதற்கும் கீழே, 1.448 பக்கம். நல்லெண்ணெயில் பத்தில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெயை ஊற்றினால், அந்தக் கலவை கடலை எண்ணெயின் வரம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் உணரியும் அதைக் கடலை எண்ணெய் என்றே நம்பிவிடும். அறிக்கையில் ‘முதற்கட்டச் சோதனை’ என்றே எழுதுங்கள்.