கலைச்சொல் வேண்டும்: சஸ்டைனபிலிட்டி லிங்க்டு லோன் (அவசரம்)

தருமபுரியிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் வணிகவியல் மாணவர்களுக்காக, மீன் தொழிலில் வங்கிப் பணத்தின் பங்கு பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். இந்தக் கடனில், பணத்தை எதில் போட்டாலும் வங்கி கேட்காது. வளத்தைக் காக்கும் இலக்கை எட்டினால் வட்டி குறையும், தவறினால் சலுகை போய்விடும். 2021இல் தாய்லாந்தின் தாய் யூனியன் நிறுவனம் வாங்கிய கடனில், சூரை மீன் பிடிக்கும் கப்பல்களைக் கேமரா வைத்தோ ஆள் வைத்தோ கண்காணிப்பதும் ஓர் இலக்கு. 'நிலைத்த கடன்' என்று எழுதிப் பார்த்தேன். "அப்போ அடைக்கவே முடியாதா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள்.

ஊத்தங்கரையிலிருந்து:
நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறாள். சஸ்டைனபிள் டெவலப்மென்டுக்கு 'வளங்குன்றா வளர்ச்சி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதே வழியில் 'வளங்குன்றாக் கடன்' என்று போடுங்கள் அம்மா. 'குன்றா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். அந்தக் 'க்' இல்லாமல் அச்சேற்றினால் நான் பொறுப்பல்ல.

ஓசூரிலிருந்து:
ஐயா, கேட்பவர் காதில் 'குன்றாக் கடன்' மட்டும்தான் விழும். எங்கள் கிளையில் இருக்கும் வாராக் கடனுக்குப் பங்காளி மாதிரி இருக்கிறது. சஸ்டைனபிள் என்பதை இலங்கையில் 'பேண்தகு' என்கிறார்கள். அதையும் யோசிக்கலாம்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:
சொல்லுக்கு அப்புறம் வருவோம். கடல் மீனை மட்டும் எழுதிவிட்டுக் கிருஷ்ணகிரி அணை ஜிலேபி மீனை விட்டுவிடாதீர்கள் மேடம். நான் குட்டையில் மீன் வளர்க்கிறவன். 2018-19லேயே கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் எங்களுக்கும் நீட்டித்தார்கள். தவணை தவறாமல் கட்டினால் வட்டியில் சலுகை உண்டு. ஆனால் தண்ணீரை எப்படி வைத்திருக்கிறாய் என்று அதில் யாரும் கேட்பதில்லை.

கடற்கரையில் கதை இன்னும் மோசம். ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் பிடித்ததை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. டீசல் போக மிஞ்சுவது வட்டிக்கே சரியாகும், அசல் அசையாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அது முடிந்ததும், அந்த இரண்டு மாதக் கடனையும் சேர்த்து அடைக்கிற அவசரத்தில் சின்னக்கண் வலையில் குஞ்சும் குருமானும் வந்துவிடும். இப்படி மீனைத் துடைத்தெடுக்க வைக்கிற கடனையே கொஞ்சம் மாற்றி, மீனைக் காக்க வைக்கலாம் என்பதுதானே இந்தப் புதுக் கடன்? சொல்லில் அது தெரியணும்.

பென்னாகரத்திலிருந்து:
'வட்டி'யை எடுத்ததால் சொல்கிறேன். சங்க காலத்தில் வட்டி என்றால் ஓலைப்பெட்டி. ஐங்குறுநூற்றில் பாண்மகள் கெடிற்று மீன் கொண்டுவந்த வட்டி நிறைய மனையோள் பயறு போட்டுத் தருகிறாள். போனதும் வந்ததும் ஒரே பெட்டியில்! இன்றைய வட்டி அங்கிருந்துதான் பிறந்தது என்பது என் துணிபு. ஆகவே 'மீன்வட்டிக் கடன்'...

ஊத்தங்கரையிலிருந்து:
பெட்டி சரி, பிறப்புக்குச் சான்று எங்கே? மேலும் அது பண்டமாற்று. மருதத் திணைப் பாட்டைக் கொண்டுபோய் வங்கியில் அடகு வைக்காதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து:
'வளம்பேண் கடன்'. வினைத்தொகை, வலி மிகுமா என்ற சண்டையும் இல்லை.

ஓசூரிலிருந்து:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2018இல் செஷல்ஸ் நாடு 1.5 கோடி டாலருக்கு நீலப் பத்திரம் என்ற கடன்பத்திரம் வெளியிட்டதே, அதையும் இப்படித்தான் சொல்வீர்கள். அந்தப் பணத்தைக் கடல் வளத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும். மேடம் கேட்பதில் செலவுக்குக் கட்டுப்பாடு இல்லை, கட்டுப்பாடு எல்லாம் வட்டியில்தான். இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் தேர்வில் பிள்ளைகள் குழம்புவார்கள். 'இலக்குவட்டிக் கடன்' என்று வையுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:
அதில் மீனையே காணோம். டெபாசிட் பிடிக்கிற இலக்கு என்று நினைப்பார்கள். திலேப்பியாவை ஊர் ஜிலேபி ஆக்கியபோது யாரையும் கேட்கவில்லை. இதையும் ஆங்கிலத்திலேயே விடுங்கள், எப்படியும் 'மீன் லோன்' என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

ஊத்தங்கரையிலிருந்து:
அப்படியானால் இந்தக் குழு எதற்கு?

தருமபுரியிலிருந்து:
அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. பாலக்கோட்டார் பாதி, ஓசூரார் பாதி: 'வளம்பேண் இலக்குக் கடன்'. கீழே, வட்டி எப்போது குறையும், எப்போது குறையாது என்று இரண்டு வரி. நீலப் பத்திரத்தைத் தனிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பெரும்பாலோர் சரி என்றதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஊத்தங்கரையிலிருந்து:
நான் சரி என்று சொல்லவில்லை. மூன்று சொல்லைக் கோத்தால் அது விளக்கம், கலைச்சொல் அன்று. அடுத்த பதிப்பு எப்போது வருகிறது?