பைக் மீனுக்கு டிப்-அப்பில் என்ன லீடர் கட்டுறது? (கனடா, ஒன்ராறியோ, சிம்கோ ஏரி, குக்ஸ் பே)

பனிக்கூடாரம் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிப்போட்டுக் கேள்விக்கு வாறன்.

விடியப்புறம் மைனஸ் 17. குக்ஸ் பேயில ஐஸ் ஒரு அடிக்குக் கிட்ட இருந்தது. பேர்ச் மீன் பிடிக்கத்தான் போனனான். எண்டாலும் ஒரு டிப்-அப்பில (ஐஸ் ஓட்டைக்கு மேல வைக்கிற கருவி, மீன் இழுத்தால் கொடி எழும்பும்) பெரிய ஷைனர் (இரை மீன்) குத்தி, களை முடியிற விளிம்பில 8 அடித் தண்ணியில விட்டு வச்சன். லீடர் (நூலுக்கும் தூண்டிலுக்கும் நடுவில கட்டுற துண்டு) 20 இறாத்தல் பாரம் தாங்கிற புளோரோகார்பன் பிளாஸ்ரிக் நூல், லேக் ட்ரவுட்டுக்கு வாங்கினதில மிச்சம்.

பத்து மணிக்குக் கொடி எழும்பிச்சுது. ஓடிப் போய் நூலைப் பிடிச்சா நல்ல பாரம். பத்து இழுவை இழுத்திருப்பன், பிறகு கையில ஒண்டுமில்லை. லீடர் பாதியில போயிருந்தது, நுனி முழுக்கப் பிசிர். அடுத்தது ஓட்டை வாய் வரைக்கும் வந்து தலையைக் காட்டிச்சுது. ஒரு சுழி சுழிச்சுது, அவ்வளவுதான். ரெண்டு மும்முனைத் தூண்டிலும் அதுகளின்ர வாயோட போச்சு. மீன் போனது பரவாயில்லை, இதுதான் மனசை உறுத்துது.

கடையில டைட்டானியம் எடுக்கச் சொல்லீனம், விலையைப் பார்த்தா ஒண்டின்ர காசுக்குச் சாதாரணக் கம்பி லீடர் நாலு வாங்கலாம். கம்பி கண்டா மீன் கிட்டவும் வராது எண்டு கூட்டாளி சொல்லுறான். தடிச்ச புளோரோகார்பனா, கம்பியா, டைட்டானியமா?

வினிபெக்வாசி

நண்பரே, 20 பவுண்ட் எல்லாம் பைக் பல்லுக்குத் தாங்காது. நான் 100 பவுண்ட் புளோரோகார்பன்தான் கட்டுகிறேன், இரண்டு குளிர்காலமாக ஒன்றுகூட அறுபடவில்லை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, புளோரோகார்பனுடையது 1.42. நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கம், அதனால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. தண்ணீரையும் உறிஞ்சாது. எங்கள் மனிடோபாவில் எதிர்முள் இல்லாத தூண்டில்தான் சட்டம், அதனால் நூலைத் தளரவிடாமல் இழுப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. கம்பி தேவையில்லை என்பது என் கருத்து.

மயிலிட்டிக்காரன்

தம்பி பனிக்கூடாரம், முதல் ஒண்டு கேக்கிறன்: கோலைக் கையில வச்சு இரையை ஆட்டி ஆட்டி ஜிக் பண்ணுறீரா, டிப்-அப்பை விட்டிட்டுக் கூடாரத்துக்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறீரா? லீடரைத் தீர்மானிக்கிறது இதுதான். வினிபெக்காரர் சொன்னது பிழையில்லை, ஆனா அவர் கையில கோல் வச்சிருக்கிறவர் எண்டு நினைக்கிறன்.

ஜிக்கில மீன் கடிச்ச உடனை கொழுவிப்போடுவீர். தூண்டில் சொண்டில நிக்கும், நூல் பல்லில படுறது குறைவு. அதுக்கு 80, 100 இறாத்தல் புளோரோ காணும். டிப்-அப் அப்பிடியில்லை. கொடி எழும்பி நீர் சப்பாத்து வழுக்க வழுக்க ஓடிப் போய்ச் சேர முன்னம் ஒரு நிமிசம் போயிடும். அந்த ஒரு நிமிசமும் மீன் இரையைத் திருப்பித் தலைப்பக்கமா விழுங்கிக்கொண்டு நிக்கும், உம்மட லீடர் பல்லுக்குக் குறுக்கால கிடக்கும். கீழ்த் தாடையில இருக்கிறது கத்தி. மேல்வாயில இருக்கிறது பின்பக்கம் சாய்ஞ்ச சின்னப் பல்லு, பிரஷ் மயிர் மாதிரி நிரையா. உம்மட பிசிர் அதாலதான் வந்தது. ஒரே கடியில அறுபடேல்லை, அராவி அராவி அறுந்தது.

என்ர மாமா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில சீலா மீனுக்குத் தங்கூசியில (நைலோன் நூல்) விட்டதே இல்லை, எப்பவும் ஒரு முழம் கம்பி. "தங்கூசியில கட்டினால் தூண்டிலும் மீனுக்குத்தான்" எண்டுவார். நான் கனடா வந்து முதல் வருசம் அதை மறந்து 60 இறாத்தல் புளோரோ கட்டினன், ஒரே நாளில மூண்டு போச்சு.

கம்பியிலயும் வகை இருக்கு:

ஒற்றைக் கம்பி மெல்லிசு, பலம். ஆனா ஒருக்கா மடிஞ்சால் நிமிராது, மடிஞ்ச இடத்திலயே உடையும். டிப்-அப்புக்கு வேண்டாம்.

ஏழு இழைக் கம்பி மலிவு. ஒரு நல்ல மீனுக்குப் பிறகு பண்டிவால் மாதிரிச் சுருண்டிடும். வெட்டி எறிஞ்சுபோட்டு அடுத்ததைக் கட்டும்.

நைலோன் பூசின கம்பியிலதான் நான் நிக்கிறன். 30 இறாத்தல், கபில நிறம், ஒன்றரை அடி. கருவியும் வேண்டாம், லைற்றர் போதும். சுழலியின்ர (நூல் முறுகாமல் சுழலுற இணைப்பு) வளையத்துக்குள்ள கம்பியை விட்டு இரண்டு அங்குலம் மடிச்சு, தளர்வா ஆறு சுத்துச் சுத்தும். பிறகு நெருப்பின்ர நுனி படாமல் அதுக்கு மேலால கொண்டுபோம். நைலோன் மினுங்கத் தொடங்கும், ஒண்டோட ஒண்டு ஒட்டும். அந்த மினுக்கம் கண்ட உடனை எடுத்துப்போடும். கறுத்தால் உள்ள இருக்கிற உருக்கு பலம் விட்டிடும், அதைக் குப்பையில போடும்.

டைட்டானியம் நல்ல சாமான்தான். நிக்கல் கலந்தது, எவ்வளவு வளைச்சாலும் நிமிரும், பத்து மீனுக்குப் பிறகும் நேரா நிக்கும். ஆனா முறுக்கிக் கட்டேலாது, விரிஞ்சிடும். தடிச்ச களைக்குள்ள ஒரு லீடர் மாட்டிப் போச்சு எண்டால் அண்டைக்கு நித்திரை வராது. எனக்கு அந்தக் காசு பெற்றோலுக்கு.

கம்பிக்கு மீன் பயப்பிடும் எண்டது தெளிஞ்ச தண்ணியில, ஆடாமல் நிக்கிற செத்த இரைக்கு ஓரளவு உண்மையா இருக்கலாம். உயிர் ஷைனர் துடிச்சுக்கொண்டு நிக்கேக்க பைக் கம்பியை எண்ணிப் பார்த்துக் கடிச்சதை நான் காணேல்லை.

இன்னொண்டு. ஓட்டையின்ர கீழ் விளிம்பு கத்தி மாதிரிக் கூர். மீன் கடைசி நேரம் சுழலேக்க லீடர் அதில உரசும். ஐஸ் துளைக்கிற ஓகரால துளைச்ச பிறகு, ஐஸ் அள்ளுற அகப்பையால கீழ் விளிம்பைச் சுத்தி ஒருக்கா தட்டிவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கையுறையைக் கழட்டி, பெருவிரல் நகத்தால லீடரை மேலிருந்து கீழ வரைக்கும் உரசிப் பாரும். நகம் எங்கயாவது தடக்கினால் மாத்தும்.

வினிபெக்வாசி

சரியாகப் பிடித்துவிட்டீர்கள் அண்ணே, நான் ஜிக் ஆள்தான், டிப்-அப் வைப்பது அபூர்வம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 100 பவுண்டில் முடிச்சுப் போடுவது வீண் வேலை, குளிரில் இறுகவே இறுகாது. நான் உலோகக் குழல் போட்டு இடுக்கியால் நசுக்குகிறேன். அதையும் வீட்டிலேயே செய்துகொண்டு போக வேண்டும்.

பனிக்கூடாரம் (ஸ்காபரோ)

அண்ணை, பெரிய நன்றி. டிப்-அப்தான். கூடாரத்துக்க இருந்து தேத்தண்ணி குடிச்சதும் உண்மைதான்.

நேற்றிரவு குசினி மேசையில வச்சு எட்டு லீடர் செய்தன். முதல் ரெண்டும் கருகிப் போச்சு. "என்னடா பிளாஸ்ரிக் மணக்குது" எண்டு அம்மா எழும்பி வந்திட்டா. மூண்டாவதில நீங்கள் சொன்ன மினுக்கம் பிடிபட்டுது. ஒரு முனையைக் கதவுப்பிடியில கொழுவி, மற்ற முனையில 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தன், ஆறும் தாங்கிச்சுது.

ஒரு சந்தேகம்: தூண்டில் ஒண்டு போதுமா, ரெண்டு போடவேணுமா? மீன் விழுங்க முன்னம் கொழுவத்தான் கேக்கிறன்.

மயிலிட்டிக்காரன்

ரெண்டு போடும். ஒண்டு இரையின்ர முதுகுச் செட்டைக்குக் கிட்ட, மற்றது முன் செட்டைக்கு மேல. அப்ப கொடி எழும்பினதும் காத்திருக்கத் தேவையில்லை, போன உடனை இழுக்கலாம், தூண்டில் வயித்துக்க போகாது. நீட்டு மூக்குக் குறடும் வாய் விரிக்கிற கம்பியும் பைக்குள்ள இருக்கவேணும். வெறுங்கையைச் செவுளுக்க விட்டிட்டு வந்து பிறகு இஞ்ச எழுதாதையும்.

லீடருகளைச் சுருட்டிப் பைக்குள்ள போடாதையும். தண்ணிக் குழாய்க்குச் சுத்துற ஸ்பொஞ்ச் ஒரு அடி வெட்டி, அதில சுத்திக் குண்டூசியால குத்திவிடும். பைக் பிடிச்சால் அதின்ர சதைக்குள்ள இருக்கிற இரண்டுகவர் முள்ளுக்குப் பயந்து எறியவேண்டாம். அவிச்சு உதிர்த்தால் முள்ளு கையில வரும், மிச்சம் கட்லற்றுக்கு.

பனிக்கூடாரம் (ஸ்காபரோ)

ஸ்பொஞ்ச் கராஜில கிடக்கு. சனிக்கிழமை போறன்.