பிரேமதாசவில் வீகன் சாப்பாடு: தனிக் கவுண்டரா, தனிச் சட்டியா?

(பதிவு ஒவ்வொன்றின் மேலேயும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பச்சைத்தொப்பி

கெத்தாராமவில், அதாவது கொழும்பு பிரேமதாச கிரிக்கெட் மைதானத்தில், பகலிரவு ஒருநாள் போட்டி 2.30க்குத் தொடங்கினால் வெளியே வர இரவு பத்து மணியாகும். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் தொடாத வீகன் ஒருவருக்கு இத்தனை மணித்தியாலத்துக்கும் அங்கே இருப்பது கச்சானும் அன்னாசி அச்சாறும்தான். கொறிக்கலாம், பசி அடங்காது.

"வெஜிடபிள்" என்று எழுதி விற்பதைப் பிரித்துப் பாருங்கள். ரோல்ஸின் பான்கேக்கில் முட்டை. வெளியே பாண்தூள் ஒட்டுவதற்குத் திரும்பவும் முட்டை. பற்றிஸ் மாவுக்குப் போடும் மாஜரின் பலவற்றில் பால் திண்மம் உண்டு. ரொட்டிக்குத் தரும் கட்டசம்பலில் மாசிக் கருவாடு. மரக்கறிக் கொத்துக்கு முட்டை வேண்டாம் என்று சொல்லித் தப்பினாலும் கடைசியில் ஊற்றுவது கோழிக் குழம்பு.

என் கோரிக்கை இதுதான்: பார்வையாளர் பகுதி ஒவ்வொன்றிலும் வீகன் மட்டும் விற்கும் கவுண்டர் ஒன்று. கடைகளுக்கு இடம் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே இதை எழுத வேண்டும். இங்கிலாந்தில் ஃபொரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் காற்பந்துக் கழகம் 2015இலிருந்து மைதானம் முழுக்க வீகன் சாப்பாடுதான் விற்கிறது. அங்கே முடிந்தால் இங்கே ஏன் முடியாது?

சட்டிச்சத்தம்

தம்பி, அந்தக் கழகத்தின் மைதானத்தில் ஏறத்தாழ 5,000 பேர்தான் கொள்ளும். பிரேமதாசவில் 35,000. அங்கே கழகமும் மைதானமும் ஒரே கை, முதலாளி சொன்னால் அடுத்த நாளே மெனு மாறும். இங்கே கடைபோடுகிறவன் ஆட்டத்துக்கு ஆட்டம் இடக்கூலி கட்டி வருகிறவன். அவனுடைய கணக்கைப் பாருங்கள்.

17 செப்டெம்பர் 2023, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. மழையால் தாமதித்துத் தொடங்கி, இலங்கை 15.2 ஓவரில் 50க்குச் சுருண்டது. இந்தியா 6.1 ஓவரில் அடித்து முடித்தது. இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 21.3 ஓவர். இரவுச் சாப்பாட்டை நம்பி மா குழைத்தவன் எல்லோருக்கும் அன்று நட்டம். சிக்கன் ரோல்ஸ் மிஞ்சினால் வெளியே தெருவில் கொடுத்துத் தள்ளலாம். வீகன் கவுண்டரில் மிஞ்சியதை யார் வாங்குவது?

இன்னொன்று, இதுதான் முக்கியம். மெதுவாக விற்கும் கவுண்டரில் சாப்பாடு பழசாகும். உழுந்து வடை சட்டியிலிருந்து எடுத்து ஒரு மணித்தியாலத்தில் ரப்பராகிவிடும். தனிக் கவுண்டர் கேட்டால் மைதானத்திலேயே மோசமான வடை உங்களுக்குத்தான் வரும்.

மாசித்துண்டு

மாசி இல்லாத கட்டசம்பல் சம்பலே இல்லை, வெறும் வெங்காயச் சட்னி. அதை முதல்ல சொல்லிப்போட்டு வாறன்.

கடலை இருக்கு, பருப்பு வடை இருக்கு, அவிச்ச சோளம் இருக்கு, செவ்விளநீர் இருக்கு. வெசாக்குக்கு இலவசமாச் சாப்பாடு குடுக்கிற தன்சல்ல வரிசையில நிண்டு ஆயிரக்கணக்கான சனம் கடலையும் மரவள்ளியும் சாப்பிட்டுட்டுப் போகுது, ஒருத்தரும் அதை வீகன் எண்டு சொல்லேல்லை. நீங்கள் அதுக்கு ஒரு பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டினால் அடுத்த நாள் விலை இரட்டிக்கும். வேற ஒண்டும் நடக்காது.

வெள்ளிக்கிழமை

மாசித்துண்டு அண்ணை, நீங்கள் சொன்ன பருப்பு வடையை எந்தச் சட்டியில் பொரிக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? இறால் வைத்த இசோ வடை மிதக்கிற அதே எண்ணெய். வடையின் மாவில் குற்றமில்லை, ஆனால் இறாலின் தலையும் வாலும் கருகிய தூள் அடியில் கிடந்து அடுத்த வடையில் ஒட்டிக்கொண்டு வரும். இது கொள்கை மட்டுமில்லை. இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த வடையே போதும், உதடு தடித்து மூச்சு முட்ட.

பச்சைத்தொப்பி தம்பிக்கும் ஒரு திருத்தம். சைவமும் வீகனும் ஒன்றில்லை. வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிறவர் மோரும் நெய்யும் தயிரும் தாராளமாக எடுப்பார். பௌர்ணமியில் மச்சம் தவிர்க்கிற சிங்களச் சனம் பால் தேத்தண்ணீர் குடிக்கும். இந்தியா விளையாடினால் வருகிற ரசிகர்களில் வெங்காயம், பூண்டு தொடாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு உங்கள் வீகன் கொத்து உதவாது. ஆகையால் "வீகன்" என்ற சொல்லை விட்டுவிட்டு, பலகையில் எது இல்லை என்று எழுதுங்கள்: முட்டை இல்லை, பால் இல்லை, மீன் இறால் மாசி இல்லை. மூன்று மொழியிலும். அவரவர் தமக்கு வேண்டியதைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

பச்சைத்தொப்பி

அக்கா சொன்ன எண்ணெய்க் கதைதான் என் வாதத்துக்கே ஆதாரம். ஒரே கடையில் இரண்டு சட்டி வைத்தாலும் வடிகரண்டி ஒன்றுதான் இருக்கும். இன்னிங்ஸ் இடைவேளையில் சனம் நெருக்கும்போது இசோ சட்டியில் விட்ட கரண்டி அடுத்த நிமிடம் மற்றச் சட்டிக்குள் போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகப் போகும். கவுண்டர் வேறானால் கரண்டியும் வேறு.

பின்வரிசை நானா

சட்டி, கரண்டி எல்லாம் பிறகு பார்ப்போம் மச்சான், முதலில் நேரக் கணக்கு. ஒருநாள் போட்டி இடைவேளை 45 நிமிடம், ரி20யில் 20 நிமிடம். ஒரு ஆளுக்குக் காசு வாங்கிப் பொருள் கொடுக்க 20 செக்கன் என்று வைத்தால், ஒரு ஜன்னலில் ஒருநாள் இடைவேளைக்கு 135 பேர், ரி20க்கு 60 பேர். இதற்குள் வராத எதுவும் மைதானச் சாப்பாடு இல்லை.

கொத்தை மறந்துவிடுங்கள். ஒரு தகட்டில் ஒரு தரத்துக்கு மூன்று நான்கு தட்டு, அதற்கு நாலு நிமிடம். சத்தம்தான் மிஞ்சும். சோயா மீட் கறி, சோறு எல்லாம் கரண்டி, தட்டு கேட்கும். பிளாஸ்டிக் கரண்டி, முள்ளு, தட்டு எல்லாம் 2023 ஒக்டோபர் முதல் தடை, ரெஜிஃபோம் பெட்டி 2017இலேயே போய்விட்டது. கையால் பிடித்து நின்றபடி சாப்பிடக்கூடிய மூன்று சாமான் போதும்: பருப்பு வடை, கடலை, ரோல்ஸ்.

பருப்பு வடை ஏன், உழுந்து ஏன் இல்லை என்றால், பருப்பு வடை மூன்று மணித்தியாலம் தாண்டியும் மொறுமொறுப்பாக நிற்கும். ஒரு கிலோ கடலைப்பருப்பை மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, ஒரு பிடியை முழுதாக எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், 45 கிராம் உருண்டை. 50 வடை வரும். வெங்காயமும் உப்பும் பொரிக்கிற நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். காலையிலேயே கலந்து வைத்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு, வடை எண்ணெய்க்குள் உதிர்ந்து போகும். அப்போது முட்டையைப் போட்டு ஒட்டவைக்கிற ஆள்கள் இருக்கிறார்கள், பிறகு அதையும் "பருப்பு வடை" என்றே விற்பார்கள்.

மாசித்துண்டு

ரோல்ஸ்? முட்டை இல்லாமல்? சுருட்டும்போதே கிழியும், பொரிக்கேக்க பாண்தூள் எல்லாம் எண்ணெய்க்குள்ள.

பின்வரிசை நானா

கிழியாது. கிழிகிறது என்றால் கரைத்த மாவை ஊறவிடவில்லை, அல்லது பான்கேக் ஆறிய பிறகு சுருட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

500 கிராம் கோதுமை மா, 950 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். கரைத்து வடித்து 30 நிமிடம் வைக்க வேண்டும். முட்டை கொடுக்கிற இழுவையை மாவிலிருக்கிற பசைதான் கொடுக்கணும், அது தண்ணீர் குடிக்க நேரம் எடுக்கும். 20 சென்ரிமீற்றர் தாச்சியில் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து, ஈரத் துணிக்கு அடியில் அடுக்க வேண்டும். 20 முதல் 24 வரை வரும். சூடு ஆறுவதற்குள் சுருட்ட வேண்டும். ஆறிப்போன பான்கேக்தான் மடிப்பில் வெடிக்கும், மாசித்துண்டு பார்த்தது அதைத்தான்.

வெளிப்பூச்சுக்கு 200 கிராம் மா, 350 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு கரண்டி சோளமா. விரலைத் தோய்த்து எடுத்தால் நகம் மறைய வேண்டும். நகம் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அப்போதுதான் தூள் கழலும். தூளிட்ட பிறகு 15 நிமிடம் தட்டில் கிடந்தால் நன்றாக ஒட்டும். பாண்தூள் சாதாரண பாணிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். பனிஸ் கலந்த தூளில் பாலும் மாஜரினும் வரும்.

உள்ளே கிழங்கு, கரட், லீக்ஸ். கிழங்கைத் தோலோடு அவித்து ஆறவிட்டு மசிக்க வேண்டும். லீக்ஸைத் தனியே வதக்கித் தண்ணீரை வற்றவைக்காவிட்டால் ரோல்ஸ் சட்டிக்குள் வெடிக்கும். எண்ணெய் 175, 180 பாகை. 160க்குக் கீழே போனால் பூச்சு எண்ணெய் குடித்துச் சொதசொதத்துவிடும்.

சட்டிச்சத்தம்

நானாவின் கணக்கு எனக்குச் சரி. மழையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 செப்டெம்பர் 2023, இந்தியா பாகிஸ்தான் ஆட்டம், இந்தியா 24.1 ஓவரில் 147க்கு 2 என்று நிற்கும்போது மழை. மிச்சம் அடுத்த நாள். அந்த மாதிரி நாளில் எது தப்பும் என்று பார்த்துத்தான் மெனு போடணும்.

கடலை தப்பும். ஐந்து கிலோ காய்ந்த கடலையை எட்டு மணித்தியாலம் ஊறவைத்து அவித்தால் ஏறத்தாழ 11 கிலோ, 100 கிராம் சுருளாக 110. அவித்ததை வடித்துக் குளிரில் வைத்து, விற்க விற்க இரண்டு கிலோவாக எடுத்துத் தாளிக்கலாம். தேங்காய்ச்சொட்டு, செத்தல், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் தாளிக்கும்போதுதான். தேங்காய் சேர்த்த கடலைதான் கொழும்புச் சூட்டில் முதலில் நூல்விடும், வெறும் கடலை அடுத்த நாளும் பாவிக்கலாம். பொரிக்காத ரோல்ஸையும் குளிரில் வைக்கலாம். அரைத்த பருப்பு ஒரு இரவு குளிரில் நிற்கும், வெங்காயம் போடாதிருந்தால்.

தப்பாதது தேங்காய்ச் சம்பல். நண்பகல் இடித்தது மாலை நாலு மணிக்குப் புளித்துவிடும். வைப்பதானால் கட்டசம்பல் மட்டும்: சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், உப்பு, தேசிக்காய்.

மாசித்துண்டு

மாசி?

சட்டிச்சத்தம்

பக்கத்தில் தனிப் பேணியில் மாசித்தூள். வேண்டுமென்றால் நீயே தூவு. சம்பலுக்குள் போட்டு இடித்தால் திரும்ப எடுக்க முடியாது, தூவுவதென்றால் யாருக்கும் நட்டமில்லை.

இதே யோசனைதான் இசோ வடைக்கும். பச்சைத்தொப்பி தம்பி இவ்வளவு நேரமும் வீகன் சாமானைத் தனியாகப் பிரிக்கப் பார்க்கிறார். தலைகீழாகப் பாருங்கள். பருப்பு வடை, கடலை, முட்டையில்லாத ரோல்ஸ் எல்லாரும் சாப்பிடுவார்கள், ஹலாலா என்று கேட்கிறவருக்கும் தலையிடி இல்லை. சிக்கலைக் கொண்டுவருவது இசோவும் கோழியும்தான். அந்த இரண்டையும் வேறு கடைக்குத் தள்ளுங்கள். ஒரு பகுதியில் நாலு கடை என்றால் ஒன்று இசோ, கோழி, கொத்து. மற்ற மூன்றுக்கும் எண்ணெய் சுத்தம், கரண்டி சுத்தம், விற்பனையும் வேகம்.

வெள்ளிக்கிழமை

நல்ல யோசனை, ஆனால் எழுத்தில் வராவிட்டால் மூன்றாவது ஆட்டத்தில் ஒருவன் இறால் கொண்டுவருவான். அதுதான் நன்றாக விற்கும். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது "வீகன் கவுண்டர்" இல்லை, "இந்தக் கடையில் மச்சம், முட்டை உள்ளே வரக்கூடாது" என்ற ஒரு வரி. வீகன் என்று எழுதினால் அதை யார் சோதிப்பது? இறால் இருக்கா இல்லையா என்று மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து சட்டியை எட்டிப் பார்த்தாலே தெரியும்.

மாஜரின்தான் மிச்சம். கண்ணால் பார்த்துத் தெரியாது. பொதியைக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லலாம், கேட்டால் காட்ட.

பச்சைத்தொப்பி

நாலில் மூன்று கடை என்றால் நான் கேட்டதைவிடக் கூட. ஆனால் ரி20 நாளில் ஒத்துக்கொள்ள மாட்டேன். 20 நிமிடத்தில் சனம் கிட்ட இருக்கிற கடைக்குத்தான் ஓடும், பலகையை யார் வாசிப்பது? அன்றைக்கு வாசலுக்குக் கிட்டவுள்ள கடை இசோ இல்லாத கடையாக இருக்க வேண்டும். இசோ தேடுகிறவன் எவ்வளவு தூரமும் நடப்பான்.

மாசித்துண்டு

நடப்பன்தான். பேணியில மாசி இருந்தால் நடக்கவும் தேவையில்லை.

தேத்தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எல்லாக் கடையிலயும் ஒரே கோப்பையில பால்மாவும் சீனியும் முதலே போட்டு அடுக்கி வச்சிருப்பாங்கள், சுடுதண்ணி ஊத்துற வேலை மட்டும்தான் மிச்சம். பிளேன்டீ கேட்டால் முறைப்பாங்கள். பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போட்டு, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி குடுக்கிற கடை எந்த வாசல்ல எண்டு சொல்லுங்கோ, நான் உங்கட பக்கம்.

பின்வரிசை நானா

கோப்பையை வெறுமையாக அடுக்கணும், பால்மாவைத் தனிப் பேணியில் வைக்கணும். ஆளுக்கு மூன்று செக்கன் கூடும். 135 இல்லை, 117.