லெத்தெலியர் கொலை வழக்கு: ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் கைகொடுப்பீர்களா?

நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாத வாசகர் வட்டத்தில் சிலியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஒர்லாண்டோ லெத்தெலியரின் கொலையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

1976 செப்டம்பர் 21. வாஷிங்டனில் தூதரகங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் அவர் ஓட்டிவந்த காரின் அடியில் குண்டு வெடித்தது. பக்கத்தில் இருந்த ரோனி மொஃபிட் என்ற இளம்பெண்ணும் இறந்தார்; பின்னிருக்கையில் இருந்த அவருடைய கணவர் உயிர் தப்பினார். குண்டைப் பொருத்தியவர் மைக்கேல் டவுன்லி; சிலியின் ரகசியப் போலீஸான 'தினா'வின் ஆள். அவர் வாக்குமூலமும் கொடுத்துவிட்டார். தினாவின் தலைவர் மானுவேல் கொன்த்ரேராஸுக்கு 1993இல் சிலி நீதிமன்றமே தண்டனை விதித்தது.

அவருக்கு மேலே? உத்தரவிட்டதே அப்போது சிலியை ஆண்ட ராணுவ சர்வாதிகாரி பினோசேதான் என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாக அமெரிக்க உளவுத்துறை கருதியது, 2015இல் வெளியான ஆவணங்களில் தெரிகிறது. அவரோ எந்தத் தண்டனையும் பெறாமல் 2006இலேயே இறந்துவிட்டார்.

எனக்கு வேண்டியவை இரண்டு. கொன்த்ரேராஸ் மீதான தீர்ப்பு, மேலிடத்து உத்தரவைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்று ஸ்பானிஷ் அறிந்த யாராவது படித்துச் சொல்ல வேண்டும். கணினி மொழிபெயர்ப்பை நம்பி மேடையேற எனக்குத் துணிவில்லை. அடுத்து, 1976 செப்டம்பர், அக்டோபர் மாதத் தமிழ் இதழ்கள் யாரிடமாவது இருக்கின்றனவா? இங்கே நெருக்கடி நிலைத் தணிக்கை நடந்த காலம் அது. இந்தச் செய்தியை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்க ஆசை. பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலே போதும்.