அழுத்தி மிதித்தால் செயின் நழுவுகிறது, பந்தயத்துக்கு மூன்று வாரம்தான்

மண்டபத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து ரோடு சைக்கிள் ஓட்டுகிறோம். முதல்முறையாக மூன்று நாள் பந்தயத் தொடருக்குப் போகிறோம். மூன்று நாள் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு, நடுவில் ஒரு நாள் வண்டி படுத்தால் கதை முடிந்தது.

பயிற்சி, பாம்பன் பாலம் தாண்டி அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவது. பத்து நாளாக, எதிர்காற்றில் நின்று மிதித்தால் என் வண்டியில் 'டக்'கென்று செயின் நழுவி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. பின்சக்கரத்தின் 15, 18 பல் சக்கரங்களில்தான் அதிகம். உட்கார்ந்து மெதுவாக மிதித்தால் ஒன்றும் இல்லை.

வண்டி 8 ஸ்பீடு, 11-32 கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, 11 முதல் 32 பல் வரை), இரண்டு வருடப் பழசு. பழைய செயின் தேய்மான அளவுகோலில் 0.75 சதவீதத்தைத் தாண்டி நீண்டிருந்ததால் புதிது போட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லையே! கியர் கேபிள் மாற்றியாயிற்று, டிரெயிலியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் கொக்கி) நேராகத்தான் இருக்கிறது. தினமும் கழுவியும் காலையில் செயினில் வெள்ளைப் பூப்பு, இணைப்புகளில் செந்துரு. அப்புறம்தான் உறைத்தது, கழுவிய போர் தண்ணீரே உப்பு. இப்போது குடிதண்ணீர்க் குடத்தில் கை வைக்கிறேன், அம்மாவிடம் திட்டு.

நேற்று 24 பல்லிலும் ஒருமுறை பெடல் வெறுமனே சுற்றியது. அதுதான் குழப்பம். கேசட் மட்டும் மாற்றினால் போதுமா, மணல் புகுந்திருக்கும் என்று ஃப்ரீஹப்பையும் (மிதித்தால் சக்கரத்தைப் பிடித்து, நிறுத்தினால் விட்டுவிடும் உள்பாகம்) திறக்க வேண்டுமா?