நெய்ப்பந்தம் பிடிக்க ஆண் பேரன்தான் வேண்டுமா?

சேலத்து நர்ஸ்:

போன மாதம் மாமியார் தவறிவிட்டார். எங்களுக்குச் சேலம் பக்கம் ஊர். எனக்கு இரண்டும் பெண். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன்களைக் கூப்பிட்டபோது, கொழுந்தனார் மகனை யாரோ தூக்கிவந்து கையில் பந்தத்தைக் கொடுத்தார்கள். நாலு வயசு, பாதித் தூக்கத்தில் இருந்தான். நெய் அவன் சட்டையில் சொட்டியது. பன்னிரண்டு வயதான என் பெரியவள் என் காதோரம், "நான் பிடிச்சா அணைஞ்சிடுமா அம்மா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பிரசவ வார்டில்தான் என் பிழைப்பு. பதினைந்து வருஷம் சொந்த மாவட்டத்தில் இருந்தேன், இப்போது மூன்று வருஷமாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்குப் பக்கத்தில். சேலத்தில் இரண்டாவதும் பெண் என்று சொல்ல வெளியே வந்தால், அப்பாவிடம் சொல்வதா பாட்டியிடம் சொல்வதா என்று முகங்களைப் பார்த்து முடிவுசெய்த பிறகுதான் வாயைத் திறப்பேன். ஒரு பாட்டி, எல்லோருக்கும் கொடுக்க வாங்கிவந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசிடம் விட்டுவிடும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் எங்கள் சேலத்தில் தொடங்கினார்கள் என்றால் சும்மாவா? 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 851தான். பிறப்பில் யாரும் கைவைக்காவிட்டால் சுமார் 950 இருக்கவேண்டும்.

இங்கே வந்த புதிதில் ஒரு வீட்டாரிடம் மூன்றாவதும் பெண் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாட்டி "எடை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

அங்கேயும் முருகன், இங்கேயும் முருகன். மகன் இல்லாதவனுக்குப் 'புத்' என்ற நரகம் என்று மனுஸ்மிருதி சொன்னதும் இரண்டு ஊருக்கும் பொது. மதம்தான் காரணம் என்றால் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

நாஞ்சில் தாத்தா:

மக்ளே, எனக்கு 78 வயசு. எங்கள் ஆட்கள் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர், மருமக்கள் வழி. காரணவர், அதாவது குடும்பத்தை ஆளும் தாய்மாமன், கண்ணை மூடினால் வயலும் தோப்பும் அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற மகனுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு இதை மாற்றியது, நான் பிறப்பதற்கு முன்பே. ஆனால் அந்தப் பேச்சு வீட்டில் ஓயவில்லை. பெண் பிறக்காவிட்டால் தறவாடு, அதாவது தாய்வழிக் குடும்பம், அற்றுப்போகும் என்று கவலைப்பட்ட வீடுகள் இவை. நாங்களும் சைவர்கள்தான், சுசீந்திரம் தேர் இழுத்தவர்கள்தான். சொத்து யார் வழியாக இறங்குகிறதோ அந்தப் பிள்ளைக்குத்தான் தொட்டிலில் மரியாதை. அதற்காக இங்கே பெண்கள் ராஜ்யம் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சாவிக்கொத்து காரணவர் இடுப்பில்தான் தொங்கியது.

பட்டாளத்தான்:

தாத்தா சொல்வது சரி. நான் பஞ்சாபில் ஆறு வருஷம் இருந்தேன். பெண் குழந்தையைக் கொல்பவனோடு உறவே கூடாது என்று சீக்கியர்களின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. 2001இல் கருவில் அழிப்பதைக் கண்டித்து, சீக்கியர்களின் தலைமைப் பீடமான அகால் தக்த் ஆணையே போட்டது. அதே 2001 கணக்கெடுப்பில் சீக்கியரிடம் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 786 பெண். இந்துக்களிடம் 925, முஸ்லிம்களிடம் 950, கிறிஸ்தவர்களிடம் 964. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தினமும் குருத்வாரா போகிறவர், நல்ல மனிதர். பேரன் பிறந்த வருஷம், வாசலில் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் லோஹ்ரி பண்டிகைக்குத் தெருவுக்கே கடலைமிட்டாய் கொடுத்தார். அடுத்த வருஷம் பேத்தி பிறந்தது, அந்த லோஹ்ரிக்கு அவர் வீட்டு வாசலில் நெருப்பே இல்லை. கேட்டால் நிலத்தைப் பற்றித்தான் பேசுவார்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. 2001இல் சீக்கியரிடம் 100 பெண்ணுக்கு 130 ஆண் என்று பிறந்தது, 2019-21இல் 110க்கு இறங்கிவிட்டது என்கிறது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம். சீக்கியர்களின் வேதமான கிரந்தம் அன்றும் இன்றும் அதேதான். சோவியத் உடைந்த பிறகு ஆர்மீனியாவிலும் அஜர்பைஜானிலும் ஆண் பிறப்பு ஒன்றுபோலவே ஏறியது. முன்னது கிறிஸ்தவ நாடு, பின்னது முஸ்லிம் நாடு.

தக்கலைக்காரி:

ஆண்கள் இருவரும் நிலத்தோடு கதையை முடித்துவிட்டீர்கள். மதத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று தள்ளாதீர்கள்.

நான் வீட்டில் நாலாவது பெண். எனக்குப் பிறகுதான் தம்பி. மகன் ஆசை இல்லாமலா அஞ்சு வரைக்கும் போனார்கள்? எங்கள் நாலு பேர் கைக்கூலிக்கே, அதாவது வரதட்சணைக்கே, வாப்பாவின் தென்னந்தோப்பு போய்விட்டது. ஆனாலும் உம்மாவுக்கு ஸ்கேன் பார்த்துக் கலைப்பது என்ற நினைப்பே வந்திருக்காது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் "எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய்" என்று கேட்கப்படும் என்பது குர்ஆனில் 81ஆம் அத்தியாயம். மதரஸாவில் உஸ்தாத் அதை ஓதும்போது நாங்கள் பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வோம், ஏனோ எங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று. மகன் ஆசையை மதம் போக்கவில்லை, ஒரு வழியை மட்டும் அடைத்தது.

அப்புறம் தாத்தா, சொத்துதான் எல்லாம் என்றால் கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவர்களைப் பாருங்கள். திருவிதாங்கூரின் 1916 கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அந்தச் சமூகத்துப் பெண்ணான மேரி ராய் வழக்குப் போட்டு 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சம பங்கு. ஆனாலும் கேரளத்தில் பெண் குழந்தைகள் குறையவில்லையே, 2011இல்கூட ஆயிரம் ஆண் குழந்தைக்கு 964.

நாஞ்சில் தாத்தா:

ஒத்துக்கொள்கிறேன் மகளே. கோட்டயம் என் கணக்கில் இடிக்கத்தான் செய்கிறது.

சேலத்து நர்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஊரில் வழியை அடைக்கவும் ஆள் இல்லை, நிலமும் மகனுக்குத்தான். இரண்டும் சேர்ந்துகொண்டது போல. இதையெல்லாம் பெரியவளிடம் படித்துக்காட்டினேன். அகால் தக்தும் ஆர்மீனியாவும் அவளுக்கு ஏறவில்லை. "அந்தத் தாத்தா வீட்டுல நெய்ப்பந்தம் யார் பிடிச்சாங்கன்னு கேளு" என்கிறாள்.

நாஞ்சில் தாத்தா:

என் ஆச்சி போனபோது பேரப்பிள்ளைகள் எல்லோரும் பிடித்தோம், என் அக்காவும்தான். நெய் சொட்டி அக்காவுக்குப் பெருவிரல் பக்கம் சுட்டுவிட்டது. அந்தத் தழும்பைக் கடைசிவரை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.