பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மதுரைப் பக்கம் நல்ல மறுவாழ்வு மையம் தேவை

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 74. போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில்தான் இருக்கிறார். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக வரும், பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நாம் பேசுவதெல்லாம் அப்பாவுக்கு நன்றாகப் புரிகிறது, பதில்தான் வாயில் வர மாட்டேன் என்கிறது. நேற்று துண்டைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்றதும் கண் கலங்கிவிட்டது. அதனால் ஸ்பீச் தெரபியும் கட்டாயம் வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும். அம்மாவுக்கு முட்டிவலி, தூக்க முடியாது. முதுகுக்குக் கீழே லேசாகச் சிவந்திருப்பதைப் பார்த்ததிலிருந்து படுக்கைப் புண் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

விசாரித்த முதியோர் இல்லங்களில் நடமாடுகிறவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி. இரண்டும் தெரியும். ஆனால் அம்மா அடிக்கடி போய்ப் பார்க்கிற தூரத்தில் இருந்தால் அப்பா தெம்பாக இருப்பார். மதுரை, திண்டுக்கல், திருச்சி எதுவானாலும் சரி.

ராத்திரியும் நர்ஸ் இருக்கணும். மாதம் 40,000 ரூபாய் வரை சமாளிப்போம். உங்கள் வீட்டில் யாரையாவது சேர்த்திருந்தால், தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி கொடுத்தார்கள், டயப்பருக்கும் மருந்துக்கும் தனியாக எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். கமெண்ட்டில் வேண்டாம் என்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். இந்த வாரமே சேர்த்தாகணும்.